அப்பா விழுந்ததுக்குக் காரணம் ஒரு கட்டிங் பிளையர்

எங்க வீட்டு டிவி ஸ்டாண்டுக்குக் கீழ ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கு. உள்ள ஒரு டெஸ்டர், முனை மழுங்கிப்போன ரெண்டு ஸ்க்ரூ டிரைவர், பாதி தீர்ந்த இன்சுலேஷன் டேப், எதுக்குன்னே தெரியாத சாவி மூணு, அப்புறம் சிவப்புக் கைப்பிடி போட்ட ஒரு கட்டிங் பிளையர். உங்க வீட்டிலயும் கிட்டத்தட்ட இதே டப்பா இருக்கும். டப்பாவோட பிராண்ட் மட்டும்தான் மாறும். ஆணி பிடுங்க, ஒயர் சீவ, கேஸ் டியூப் கிளிப்பை இறுக்க, இறுகிப்போன பாட்டில் மூடியைத் திறக்க, அம்மாவுக்கு அவசரத்துல பாத்திரம் இறக்க, எல்லாத்துக்கும் அந்த ஒரே பிளையர்தான். நான் மெக்கானிக்கல் சேர்ந்த பிறகும் அதே பழக்கம்தான் தொடர்ந்தது.

மூணாவது வருஷ செமஸ்டர் லீவுல அப்பாவோட பைக் செயினை நானே கழட்டி சுத்தம் பண்ணேன். யூடியூப்ல பார்த்தா பத்து நிமிஷ வேலை. செயினை இணைக்கிற இடத்துல ஒரு சின்ன லாக் கிளிப் இருக்கும், மீன் மாதிரி வடிவம். அதை அந்தச் சிவப்பு கட்டிங் பிளையரால பிடிச்சு ஒரு திருகு திருகினேன். வந்துடுச்சு. செயினை மண்ணெண்ணெயில கழுவி, எண்ணெய் போட்டு, திரும்ப மாட்டினேன். கிளிப் கொஞ்சம் விரிஞ்ச மாதிரி தெரிஞ்சது. பிளையரால அழுத்தி நெருக்கிவிட்டேன். பார்க்க பழைய மாதிரியே இருந்தது. வேலை முடிஞ்ச பெருமையில போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் எல்லாம் போட்டேன்.

ஒன்பது நாள் கழிச்சு, திருமுல்லைவாயல் பக்கம் சிடிஎச் ரோட்ல, அப்பா வேலைக்குப் போயிட்டிருந்தப்ப அந்தக் கிளிப் எங்கேயோ தெறிச்சுப் போச்சு. கிளிப் போனா பக்கத் தகடு கழண்டுடும், தகடு போனா செயின் பிரிஞ்சுடும். பிரிஞ்ச செயின் பின் சக்கரத்துல சிக்கி சக்கரம் அப்படியே நின்னுடுச்சு. சிக்னல் கிட்ட வந்ததால வேகம் குறைவு, பின்னாடி லாரி எதுவும் வரல. முழங்கையில மூணு தையலோட தப்பிச்சார். வீட்டுக்கு வந்து "ரோடு சரியில்ல" என்று மட்டும்தான் சொன்னார். செயினை நான் மாட்டினது அவருக்கு நல்லாத் தெரியும். அதுக்கு மேல ஒரு வார்த்தை கேட்கல. கேட்டிருந்தா கூட பரவாயில்லன்னு தோணுச்சு.

வண்டியைத் தள்ளிக்கிட்டு அண்ணனூர்ல எங்க தெரு முனையில இருக்கிற ஷெட்டுக்குப் போனேன். அந்த மெக்கானிக் அண்ணனை எனக்கு ஏற்கெனவே தெரியும். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் மழை வந்தப்போ ஆவடி, அம்பத்தூர் சுத்துவட்டாரம் பூரா வண்டிங்க தண்ணியில நின்னுச்சு இல்லையா, அப்போ அவர் ஷெட் வாசல்ல வண்டிங்க வரிசை கட்டி நிக்கும். ஆள் போதாம நானும் ஏர் ஃபில்டர் கழட்ட, ஆயில் வடிக்கன்னு கூட நின்னேன். அவர் செயினைப் பார்த்தார், மீதி இருந்த பின்னைப் பார்த்தார், "எதால கழட்டின?" என்று கேட்டார். சொன்னேன். "தம்பி, நீ திருகின அன்னிக்கே அது கிளிப் இல்ல. வெறும் தகரம்" என்றார்.

அன்னிக்கு ராத்திரி எனக்கு முதல் தடவையா ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் புரிஞ்சது. ஸ்பிரிங் ஸ்டீலை ஒரு எல்லை வரைக்கும் வளைச்சா திரும்ப பழைய நிலைக்கு வந்துடும். அதுதான் எலாஸ்டிக் லிமிட். அதைத் தாண்டி வளைச்சா வளைஞ்சபடியே நிற்கும். நாம அதைத் திரும்ப நெருக்கி பழைய வடிவத்துக்குக் கொண்டுவரலாம், ஆனா பழைய பிடிப்பு வராது. பின்னைச் சுத்தி எப்பவும் ஒரு அழுத்தத்தோட கவ்விக்கிட்டு இருக்கிறதுதான் அந்தக் கிளிப்போட வேலையே. நான் அதோட வடிவத்தை மட்டும்தான் சரி பண்ணேன்.

அதைக் கழட்ட வேண்டியது நோஸ் பிளையர். ஒரு தாடையைக் கிளிப்போட திறந்த முனையில வெச்சு, இன்னொரு தாடையை மூடிய பக்கத்துல இருக்கிற பின் தலையில வெச்சு, மெல்ல அழுத்தினா கிளிப் தன் பள்ளத்துலயே வழுக்கி வெளிய வரும். திருகல், நெம்பல் எதுவும் கிடையாது. மாட்டும்போது கிளிப்போட மூடிய முனை செயின் ஓடுற திசையைப் பார்த்து இருக்கணும். திறந்த முனை முன்னாடி இருந்தா, கல்லோ குச்சியோ எதிர்ல மோதினா அதுவே கிளிப்பைத் தள்ளிக் கழட்டிடும். முடிஞ்சா ஒவ்வொரு தடவையும் புதுக் கிளிப் போடணும். ஒரு டீ விலையை ஒட்டித்தான் இருக்கும் அது.

அதுக்கப்புறம் லீவு முடியுற வரைக்கும் அந்த ஷெட்லயே கிடந்தேன். இந்தக் கட்டுரையில இருக்கிற பாதி விஷயம் அங்க கத்துக்கிட்டது. மீதி, அங்க பார்த்ததை நம்ம சிலபஸ்ல தேடிப் பார்த்ததுல கிடைச்சது.

முதல்ல பிளையர்ன்னா என்ன? ரெண்டு நெம்புகோல், நடுவுல ஒரு ஆணி. அவ்வளவுதான். எட்டு இஞ்ச் கட்டிங் பிளையரை எடுத்துக்கோங்க. ஜாயின்ட்ல இருந்து கை பிடிக்கிற இடம் சுமார் 120 மில்லிமீட்டர், தாடை முனை சுமார் 30 மில்லிமீட்டர்ன்னு வெச்சுக்குவோம். கையால 200 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 20 கிலோ எடைக்குச் சமமா அழுத்தினா முனையில நாலு மடங்கு, 800 நியூட்டன் கிடைக்கும். வெட்டுற பகுதி ஜாயின்ட்ல இருந்து 12 மில்லிமீட்டர் தள்ளி இருந்தா அங்க பத்து மடங்கு, 2000 நியூட்டன். வெட்டுற வாய் எப்பவும் ஜாயின்டை ஒட்டியே இருக்கிறதுக்குக் காரணம் இதுதான். நோஸ் பிளையர்ல தாடை நீளம். அதனால முனையில பலம் குறைவு. அதால நட்டைத் திருகினா முனை கோணிடும். கோணினதுக்கு அப்புறம் ரெண்டு முனையும் ஒண்ணு சேராது, சின்ன கிளிப்பைப் பிடிக்கவே முடியாது. ஆக ஒவ்வொரு பிளையரும் ஒண்ணைக் கொடுத்து இன்னொண்ணை வாங்கியிருக்கு. நுழையிற இடம் வேணும்னா பலம் போகும், பலம் வேணும்னா பெரிய வாய் வேணும்.

அடுத்தது நட்டு. கட்டிங் பிளையரால நட்டு கழட்டுறதுதான் நம்ம நாட்டுல வண்டிகளுக்கு நடக்கிற மிகப் பெரிய கொடுமைன்னு அண்ணன் சொல்வார். ரிங் ஸ்பேனர் ஒரு ஆறுமுக நட்டை எல்லா மூலையிலும் சுத்திப் பிடிக்குது. உங்க கை திருப்புற வேலையை மட்டும் பார்த்தா போதும். பிளையர்ல உங்க கை ரெண்டு வேலை பார்க்கணும்: விடாம இறுக்கிப் பிடிக்கணும், அதே நேரம் திருப்பவும் செய்யணும். போதாததுக்கு பிளையர் தாடை சாய்வாத்தான் திறக்கும், ஒரே ஒரு அளவுலதான் ரெண்டும் இணையா இருக்கும். அதனால நட்டோட முகத்துல முழுசா உட்காராம மூலையில மட்டும் கடிக்கும். நழுவும், மூலை மழுங்கும். அடுத்த தடவை ஸ்பேனர் கூட பிடிக்காது. "நட்டு ரவுண்ட் ஆயிடுச்சு" என்று சொல்லி ஷெட்டுக்கு வர வண்டிகள்ல பெரும்பாலும் முதல் குற்றவாளி வீட்டுல இருக்கிற சிவப்புக் கைப்பிடிதான்.

அப்படி ரவுண்ட் ஆன நட்டுக்கு வைத்தியமும் ஒரு பிளையர்தான், ஆனா வேற ஜாதி. கிரிப் பிளையர்ன்னு கேட்டா கொடுப்பாங்க, லாக்கிங் பிளையர்ன்னும் சொல்வாங்க. பின்னாடி ஒரு திருகு இருக்கும், அதால வாய் அளவை வெச்சு, கைப்பிடியை அழுத்தினா 'டக்'னு ஒரு சத்தத்தோட பூட்டிக்கும். கையை எடுத்தாலும் விடாது. உள்ள இருக்கிறது நாம கைனமாட்டிக்ஸ்ல படிக்கிற டாகிள் மெக்கானிசம். மூணு ஆணிப் புள்ளிகள் ஒரே நேர்கோட்டுக்கு வரும்போது சின்ன தள்ளலுக்குப் பெரிய பலம் கிடைக்கும். நேர்கோட்டைக் கொஞ்சம் தாண்டினதும் அந்த பலமே திரும்பி வந்து பூட்டைக் காப்பாத்தும். இதைக் கண்டுபிடிச்சவர் எந்தக் கல்லூரியிலும் மெக்கானிசம் படிச்ச ஆள் இல்ல. டென்மார்க்ல பிறந்து அமெரிக்காவோட நெப்ராஸ்கா மாநிலத்துல டிவிட்ங்கிற சின்ன ஊர்ல பட்டறை வெச்சிருந்த வில்லியம் பீட்டர்சன் என்கிற கொல்லர். 1920-கள்ல காப்புரிமை வாங்கினார். வைஸ் கிரிப் என்கிற பேரு அங்கிருந்து வந்ததுதான். ஒரு கையால வேலை பார்க்கும்போது வைஸ் மாதிரி பிடிச்சுக்க இன்னொரு கை வேணும்னு அவருக்குத் தோணியிருக்கு. வேலை செய்யுறவனுக்குத்தான் இந்த மாதிரி யோசனை வரும்.

ஆனா கிரிப் பிளையர் கையில இருந்தா எதையும் கடிக்கத் தோணும். ரெண்டு இடத்துல மட்டும் கண்டிப்பா கூடாது. ஒண்ணு, முன் ஃபோர்க்கோட பளபளப்பான குழாய். அதுல பல் பதிஞ்ச ஒரு கீறல் போதும், ஃபோர்க் மேலயும் கீழயும் போகும்போதெல்லாம் அந்தக் கீறல் ஆயில் சீலைக் கிழிக்கும். ஆயில் கசிஞ்சு டிஸ்க்குல பட்டா பிரேக் பிடிக்காது. ரெண்டாவது, பிரேக் ஹோஸ். ஆயில் ஒழுகாம இருக்க ஹோஸை கிரிப் பிளையரால நசுக்கி வைக்கிறதை நானே பார்த்திருக்கேன். வெளிய ரப்பர் நல்லா இருக்கிற மாதிரி தெரியும், உள் சுவர் கிழிஞ்சிருக்கும். அந்தச் சேதம் வெளிய தெரியாது, ஒரு நாள் அவசரமா பிரேக் பிடிக்கிறப்பதான் தெரியும்.

சர்க்ளிப் பிளையர் பத்திக் கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா இது இல்லாமதான் நம்ம பசங்க ரொம்ப அவஸ்தைப்படறாங்க. நம்ம காலேஜ் கார் டீம் ஒர்க்‌ஷாப்ல ஒரு சர்க்ளிப் பறந்து போய் டியூப் லைட்டை உடைச்ச கதை எல்லாருக்கும் தெரியும் (யார்னு எழுதினா எடிட்டர் கட் பண்ணிடுவார்). சர்க்ளிப்ங்கிறது ஒரு வெட்டுப்பட்ட ஸ்பிரிங் வளையம். ஷாஃப்ட் மேல இருக்கிற பள்ளத்துல உட்கார்ந்தா எக்ஸ்டர்னல், துளைக்குள்ள இருக்கிற பள்ளத்துல உட்கார்ந்தா இன்டர்னல். கியர் ஷாஃப்ட், கிக்கர் ஷாஃப்ட் பக்கம் முதல் வகை. டிஸ்க் பிரேக் மாஸ்டர் சிலிண்டருக்குள்ள பிஸ்டனைத் தடுத்து நிறுத்தறது ரெண்டாவது வகை. எக்ஸ்டர்னலை விரிக்கணும், இன்டர்னலைச் சுருக்கணும். அதனால பிளையரும் ரெண்டு விதம். கைப்பிடியை அழுத்தினா முனை விரியிற பிளையர் எக்ஸ்டர்னலுக்கு. அழுத்தினா முனை சேர்ற பிளையர் இன்டர்னலுக்கு. கடையில "சர்க்ளிப் பிளையர் குடுங்க" என்று மட்டும் கேட்டா எது கையில கிடைக்குதோ அதைக் கொடுப்பார். நீங்கதான் சொல்லணும். மாஸ்டர் சிலிண்டர் மாதிரி ஆழத்துல இருக்கிற கிளிப்புக்கு நீளமான, ஒல்லியான மூக்கு வேணும்ங்கிறதையும் சேர்த்துச் சொல்லணும்.

முனைதான் முக்கியம். கிளிப்போட ரெண்டு காதுலயும் சின்ன ஓட்டை இருக்கும், பிளையர் முனை அந்த ஓட்டையை ஏறக்குறைய நிரப்பணும். முனை மெல்லிசா இருந்தா சாயும், சாய்ஞ்சா நழுவும், நழுவினா கிளிப் பறக்கும். எங்க பறக்கும்னு யாருக்கும் தெரியாது, பெரும்பாலும் முகத்துக்கு நேரா. ஒர்க்‌ஷாப்ல கண்ணாடி போடச் சொன்னா நாம சிரிக்கிறோம். ஷெட்ல இருந்த அண்ணன் சர்க்ளிப் கழட்டும்போது இடது உள்ளங்கையைக் குடை மாதிரி மேல கவிச்சு வெச்சுக்குவார், ஒரு பழைய துணியும் மேல போடுவார். முப்பது ரூபாய் கிளிப்பைத் தேடி மூணு மணி நேரம் தரையில தவழ்ந்த அனுபவம் இருக்கிறவருக்குத்தான் அந்தத் துணியோட அருமை தெரியும். அளவுக்கு மேல விரிக்கவும் கூடாது. ஷாஃப்டைத் தாண்டுற அளவுக்கு மட்டும் விரிச்சா போதும். நான் செயின் கிளிப்புக்குச் செஞ்ச அதே தப்பு இங்கயும் நடக்கும்: விரிஞ்சு தளர்ந்த வளையம் பள்ளத்துல லூசா உட்காரும், வண்டி ஓடும்போது குதிச்சு வெளிய வரும்.

பிஸ்டன் பின் கிளிப் இன்னும் மோசம். பல வண்டிகள்ல அதுக்குக் காதே இருக்காது, வெறும் வளைச்ச கம்பிதான். அங்க சர்க்ளிப் பிளையர் உதவாது, கூரான நோஸ் பிளையர்தான். கழட்டுறதுக்கு முன்னாடி கிராங்க் கேஸ் வாயை சுத்தமான துணியால அடைச்சிடணும். கிளிப் உள்ள விழுந்தா ஒரு மணி நேர வேலை ஒரு வார வேலையாயிடும். பழைய கிளிப்பைத் திரும்பப் போடவே கூடாது.

ஹோஸ் கிளிப் விஷயத்துக்கு வருவோம். கார்ல ரேடியேட்டர் ஹோஸை இறுக்கிப் பிடிக்க நிறைய மாடல்கள்ல பட்டையான ஸ்பிரிங் கிளிப்தான் வருது, ரெண்டு காது நீட்டிக்கிட்டு இருக்கும். திருகு வெச்ச கிளிப்பை விட இது மட்டம்னு நினைச்சு மாத்துறவங்க உண்டு. உண்மையில ரப்பர் சூட்டுல விரிஞ்சு, ஆறினா சுருங்கி, வயசாக ஆகத் தளரும். ஸ்பிரிங் கிளிப் அந்த மாற்றத்தோடயே தன்னால இறுகிக்கிட்டு வரும். அதைக் கழட்ட சாதா பிளையர் போட்டா காது ஒரு பக்கமா நழுவி விரல்ல அடிக்கும். வாட்டர் பம்ப் பிளையர் ஓரளவுக்குச் சமாளிக்கும். இதுக்குன்னே தாடையில பள்ளம் வெச்சு, அந்தத் தாடை சுழல்ற மாதிரி வர ஹோஸ் கிளிப் பிளையர்தான் சரி. சூடான இன்ஜின்ல மட்டும் கையே வைக்காதீங்க. கூலன்ட் கொதிச்சுக்கிட்டு அழுத்தத்தோட உள்ள இருக்கும்.

வாட்டர் பம்ப் பிளையர்ங்கிற பேரே கார்ல இருந்து வந்ததுதான். அந்தக் காலத்துக் கார்கள்ல வாட்டர் பம்ப் நட்டை அவ்வப்போது இறுக்கணும், அதுக்கு வாய் அளவை மாத்திக்கிற பிளையர் தேவைப்பட்டது. இப்போ அதைப் பிளம்பர்தான் அதிகமா வெச்சிருக்கார். இதுல ஒரு நுணுக்கம் இருக்கு: ஒரு பக்கம் திருப்பினா இழுக்க இழுக்க பல் இன்னும் இறுகும், எதிர்ப்பக்கம் திருப்பினா நழுவும். ஒரு பைப் துண்டை வெச்சு ரெண்டு பக்கமும் முயற்சி பண்ணிப் பாருங்க, கைக்கே தெரிஞ்சுடும்.

கிளச் கேபிளை வெட்டுறது இன்னொரு பாடம். உள்ள இருக்கிறது பல மெல்லிய கம்பிகளை முறுக்கின கெட்டியான ஸ்டீல். காப்பர் ஒயருக்குன்னு இருக்கிற சின்ன சைடு கட்டரால அதை வெட்டினா கேபிள் வெட்டுப்படும், கூடவே கட்டரோட வாயும் பல் பல்லா உடையும். வெட்டின முனை துடைப்பம் மாதிரி பிரிஞ்சு நிக்கும், திரும்ப எந்த ஓட்டையிலும் நுழையாது. கேபிள் கட்டர் வேற: அது நசுக்காம, கத்தரி மாதிரி ஒண்ணை ஒண்ணு தாண்டி வெட்டும். வீட்டுக் கட்டிங் பிளையரோட ஜாயின்ட் பக்கத்துல வெளிப்புறமா ஒரு சின்ன வெட்டுப் பள்ளம் இருக்கான்னு பாருங்க. நிறைய பிளையர்கள்ல இருக்கும், கெட்டிக் கம்பிக்காக வெச்சது. இருபது வருஷமா எங்க வீட்டுல இருக்கிற பிளையர்ல அது இருக்கு. நான் போன வருஷம்தான் முதல்முதலா பார்த்தேன்.

சைடு கட்டரோட உண்மையான அழகு ஸ்பிளிட் பின் பிடுங்கும்போது தெரியும். ஆக்ஸில் நட்டு தானா கழலாம இருக்கக் குத்துற பின் அது. வெட்டாத அளவுக்கு மெதுவா தலையைக் கவ்வி, பிளையரை நட்டு மேல சாய்ச்சு உருட்டினா பின் தானா வெளிய வரும். வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசுறதுக்குள்ள அண்ணன் கழட்டிடுவார். புதுசா போடுறதும் அதே அளவு பின்னாத்தான் இருக்கணும். கட்டுக்கம்பி, ஆணி, ஹேர்பின் எல்லாம் அங்க போட்டு வர வண்டிகளை நினைச்சா எனக்கு இப்போ வயித்தைக் கலக்குது.

ஒயரிங் பக்கம் போனா கிரிம்பிங் பிளையர். நாம என்ன பண்ணுவோம்? லக்கை ஒயர்ல செருகி, கட்டிங் பிளையரால தட்டையா நசுக்குவோம். ஒயர் வெளிய வராது, அதனால வேலை முடிஞ்சதுன்னு நினைப்போம். ஆனா சரியா கிரிம்ப் பண்ணா லக்கும் கம்பியும் காத்துகூடப் புகாத அளவுக்கு ஒண்ணோட ஒண்ணு இறுகும். சும்மா நசுக்கினா இடைவெளி இருக்கும், ஈரம் போகும், பச்சை பிடிக்கும், ரெசிஸ்டன்ஸ் ஏறும். ஒரு கணக்கு: 60 வாட் ஹெட்லைட் 12 வோல்ட்ல 5 ஆம்பியர் இழுக்கும். அந்த ஒரு லக்குல 0.2 ஓம் ஏறினா 1 வோல்ட் அங்கயே போயிடும், 5 வாட் சூடு அந்த லக்குலயே இறங்கும். ஹாலஜன் பல்புல 1 வோல்ட் குறைஞ்சா வெளிச்சம் ஏறக்குறைய கால் பங்கு குறையும். ராத்திரி அவுட்டர் ரிங் ரோட்ல உங்க லைட் மங்கலா இருந்தா பல்பை மாத்துறதுக்கு முன்னாடி லக்கைத் தொட்டுப் பாருங்க, சுடுதான்னு.

அந்தச் சிவப்புக் கைப்பிடியைப் பத்தி இன்னொரு தப்பான நம்பிக்கை. பிளாஸ்டிக் போட்டிருக்கு, அதனால கரண்ட் அடிக்காதுன்னு. இல்ல. நிறைய பிளையர்ல அது பிடிமானத்துக்கு மட்டும் முக்கியெடுத்த உறை. கரண்ட்ல வேலை பார்க்கத் தகுதியானதுல ரெட்டை முக்கோணக் குறியும் 1000 V என்கிற எழுத்தும் இருக்கும். ஐஇசி 60900 என்கிற தரத்துக்குச் சோதனை பண்ணது அது. இ-வண்டி ப்ராஜெக்ட் பண்றவங்க இதைக் கட்டாயம் பார்க்கணும். ஆரஞ்சு கேபிள் இருக்கிற கார் பக்கம் பயிற்சி இல்லாம போகவே கூடாது. குறைஞ்ச வோல்டேஜ் பேட்டரின்னாலும் பிளையர் கை தவறி ரெண்டு டெர்மினலுக்கும் குறுக்க விழுந்தா வெல்டிங்தான். சாதாரண கார் பேட்டரியிலகூட முதல்ல நெகட்டிவைக் கழட்டுறது இதனாலதான். பாடி பூரா நெகட்டிவ். பாசிட்டிவைக் கழட்டும்போது ஸ்பேனர் பாடியில பட்டா, நெகட்டிவ் இன்னும் மாட்டியிருந்தா, நேரா ஷார்ட். மாட்டும்போது நெகட்டிவ் கடைசி.

சில வேலைக்குச் சரியான பிளையர், பிளையரே இல்லாததுதான். பைக் டிரம் பிரேக் ஷூவை ஸ்பிரிங்கோட மல்லுக்கட்டி பிளையரால இழுக்கறவங்களைப் பார்த்திருப்பீங்க. ரெண்டு ஷூவையும் சேர்த்துப் புத்தகம் மடிக்கிற மாதிரி மடக்கித் தூக்கினா ஸ்பிரிங்கோட மொத்தமா கையில வந்துடும். பெட்ரோல் டியூபும் அப்படித்தான், கிளிப்பைத் தள்ளிட்டு டியூபைக் கையால மெல்ல திருகினா போதும். பிளையரால இழுத்தா கிழியும்.

நடுவுல ஒரு விஷயம், எனக்குப் பிடிச்சது. பிளையருக்குத் தமிழ் குறடு என்று எல்லாருக்கும் தெரியும். தாத்தா இன்னொரு சொல் சொன்னார்: கொடிறு. நண்டோட கவட்டைக் காலைக் கொல்லனோட கொடிறுக்கு ஒப்பிடுற இடம் பெரும்பாணாற்றுப்படையில வருதாம். ஸ்கூல்ல தமிழை செகண்ட் லாங்குவேஜா படிச்ச எனக்கு இது புதுசு. அகராதியில பார்த்தா கொடிறுன்னா இடுக்கி, அதோட தாடைன்னும் அர்த்தம் போட்டிருக்கு. நாம இப்போ டிராயிங் ஷீட்ல பிளையரோட ஜா என்று எழுதுறோமே, அதே யோசனை நம்ம ஆளுங்களுக்கும் எப்பவோ வந்திருக்கு.

எங்க வாங்கறது? நம்ம ஏரியாவுக்கு இது கவலையே இல்ல. 1960-கள்ல அம்பத்தூர் எஸ்டேட் வந்ததுல இருந்து இந்தப் பக்கம் லேத், பிரஸ், டூல் ரூம்னு ஊரே இரும்பு வாசனைதான். ஆவடியில டாங்க் செய்யறாங்க, பாடியில பிரேக்கும் ஸ்டார்ட்டர் மோட்டாரும் செய்யறாங்க, எங்க அண்ணனூர்லயே மின்சார ரயிலைப் பராமரிக்கிற கார் ஷெட் இருக்கு. எஸ்டேட் பக்கத்து ஹார்டுவேர் கடைகள்லயே நல்ல பிளையர் கிடைக்கும். இன்னும் நிறைய பார்த்து வாங்கணும்னா பீச் லோக்கல் ஏறி, பாரிஸ்ல செம்புதாஸ் தெரு பக்கம் நடந்தா போதும். புதுப்பேட்டை பழைய ஸ்பேருக்குப் பேர் போனது. பழைய டூலும் கிடைக்கும், ஆனா பழைய பிளையர் வாங்க கை பழகியிருக்கணும்.

பிராண்ட் கேட்பீங்க. ஷெட்ல பாதிக்கு மேல டப்பாரியாதான். நாசிக்ல செய்யறாங்க, 1969-ல ஸ்வீடன் கம்பெனி ஒண்ணோட தொழில்நுட்பக் கூட்டுல ஆரம்பிச்சது. ஜலந்தர் பக்கம் இருந்து வர டூல்களும் நல்லா உழைக்குது. ஜெர்மனியோட நிபெக்ஸ் கையில பிடிச்சா விடவே மனசு வராது, ஆனா விலையைப் பார்த்ததும் விட்டுடுவீங்க. ஸ்டூடன்ட்டுக்கு அது தேவையில்லைங்கிறது என் கருத்து. ஆனா ரோட்டோரத்துல பத்து டூல் ஒரு பெட்டியில மலிவா விற்கிறதை வாங்காதீங்க. அந்தப் பத்துல உருப்படியா ஒண்ணு இருந்தா அதிர்ஷ்டம்.

கடையில பேக்கட்டை மட்டும் பார்த்து வாங்காம கையில வாங்கிப் பாருங்க. வாயை மூடி வெளிச்சத்துக்கு நேரா பிடிங்க: முனை முதல்ல சேரணும், முனை சேராம அடி மட்டும் முட்டினா அது நோஸ் பிளையரே இல்ல. ரெண்டு கைப்பிடியையும் பக்கவாட்டுல ஆட்டுங்க, ஜாயின்ட் லொடலொடன்னு ஆடினா வெச்சிடுங்க. திறந்து மூடும்போது ஒரே சீரா போகணும். சைடு கட்டரா இருந்தா பில் பேப்பரை முனையால வெட்டிப் பாருங்க, கிழிக்காம வெட்டணும். கடைக்காரர் முறைச்சா பரவாயில்ல, நல்ல கடைக்காரர் அவரே பேப்பர் எடுத்துத் தருவார்.

எல்லாத்தையும் ஒரே நாள்ல வாங்க வேண்டாம். பைக் மட்டும் வெச்சிருக்கிறவங்களுக்கு நல்ல நோஸ் பிளையர் முதல்ல. அப்புறம் சைடு கட்டர். மூணாவது கிரிப் பிளையர், எப்பவாவது தேவைப்படும், ஆனா தேவைப்படும்போது வேற எதுவும் உதவாது. சர்க்ளிப் பிளையரைக் கடைசியா, வேலை வரும்போது, அந்த வேலைக்குத் தகுந்த முனையோட வாங்கிக்கலாம். வருஷத்துக்கு ரெண்டு தடவை ஜாயின்ட்ல ஒரு சொட்டு ஆயில் விடுங்க. மழைக்காலத்துல டப்பாவுக்குள்ள துரு பிடிச்சு இறுகிப்போன பிளையரைச் சுத்தியலால தட்டித் திறக்கிறது எங்க வீட்டுல வருஷா வருஷம் நடக்கிற திருவிழா.

அப்பா பைக்குக்குப் புது செயின், புது ஸ்பிராக்கெட் போட்டாச்சு. மாட்டினது நான்தான், அண்ணன் பக்கத்துல ஸ்டூல் போட்டு உட்கார்ந்து டீ குடிச்சுக்கிட்டே பார்த்தார், ஒரு வார்த்தை பேசல. கிளிப் போட்டதும் குனிஞ்சு மூடிய முனை எந்தப் பக்கம்னு மட்டும் பார்த்தார். மறுநாள் காலையில அப்பா வண்டியை எடுக்கிறதுக்கு முன்னாடி அவரும் குனிஞ்சு அதையே பார்த்தார்.

சிவப்புக் கைப்பிடி இன்னும் பிஸ்கட் டப்பாவுலதான் இருக்கு, பாத்திரம் இறக்க. சர்க்ளிப் பிளையர் ரெண்டு விதமும் என் ஹாஸ்டல் ஃப்ரெண்ட் ரூம்ல வெச்சிருக்கேன். வேணுங்கறவங்க வாங்கிக்கலாம். முனையைக் கோணாம திருப்பித் தந்துடுங்க.